திணறலைக் கீழே கொண்டு வாங்க

ஆறு வருஷமாக எஸ்தர், பாராசூட் கட்டிப் பறக்கிற பாராமோட்டார் வண்டி எஞ்சின்களின் கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோல் அளவுத் திருகைச் சரிபார்த்து, மேலே அனுப்பிவிட்டுக் கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். "ஒரே ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க சார்" என்று கெஞ்சினால், "மெக்கானிக்குக்கு மேல என்ன வேலை?" என்பார் முதலாளி ஜெயசிங்.

ஒருநாள் இரண்டு பேர் பறக்கிற வண்டி உயரத்தில் திணறியது. தரையிலோ நன்றாக ஓடியது. பறக்க வந்தவர்கள் முன்னால் ஜெயசிங் கத்தினார்: "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நாளைக்கு வராத!"

"சரி சார். அந்தத் திணறலை மட்டும் கீழ கொண்டுவந்து காட்டுங்க, பண்ணிருதேன்."

கூட்டம் சிரித்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவளையும் உட்காரவைத்துக்கொண்டு பறந்தார்.

உயரத்தில் எஞ்சின் திணறியதுமே, பெட்ரோல் போதவில்லை என்று எஸ்தருக்குப் புரிந்துவிட்டது. ஹெட்போனில் கேட்டாள்: "பெட்ரோல் திருகை யாரு சார் இறுக்குனது?"

"நேத்து நான்தான்... லேசா," என்றார் ஜெயசிங். அது கீழே வாக்கிடாக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"அதான் கண்டுபிடிச்சிட்டல்ல? இறங்கலாமா?" என்று அவரே அவசரப்பட்டார்.

வெள்ளை வெளேரென்று உப்பளங்கள், அப்பால் முடிவே இல்லாத கடல். எஸ்தருக்குக் கண் நிறைந்தது.

"இன்னும் சந்தேகம் தீரல சார். இன்னொரு சுத்து போங்க."