ரெண்டு புள்ளி

கோயமுத்தூர் கணபதியில, மோட்டார் ரோட்டருக்கு பேலன்ஸ் பாக்குற பட்டறை ஒண்ணு. அங்க குரு திருமூர்த்திக்கு வயசு முப்பத்தாறு. சிஷ்யை மயிலாத்தாவுக்கு நாப்பத்தெட்டு. அதனால குருவை அவங்க "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாங்க.

ரோட்டர்னா மோட்டாருக்குள்ள சுத்துற இரும்பு. மிஷின்ல மாட்டி சுத்தவிட்டா, எவ்வளவு ஆடுதுன்னு திரையில எண் வரும். கனமான பக்கம் துளி இரும்பைத் துளைச்சு எடுக்கணும். மூணு புள்ளிக்குள்ள வந்தா போதும். பாத்தவங்க தங்க பேரோட முதல் எழுத்தை அதுல அடிச்சு அனுப்பலாம்.

எட்டு மாசமா மயிலாத்தாவோட எழுத்து ஒரு ரோட்டர்லயும் விழல. அவங்களுக்கு சைபர் வந்தாகணும்.

அன்னைக்கு வந்தது, ஆழ்குழாய்க் கிணத்துல தண்ணி உறிஞ்சுற போர் மோட்டாரோட ரோட்டர். ரெண்டு புள்ளியில நின்னுச்சு. மயிலாத்தா மறுபடியும் டிரில்லை எடுத்தாங்க.

"இன்னொரு துளை போட்டா அது நேரா பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும், அக்கா."

"ஆடுற சாமான்ல என் எழுத்தைப் போடச் சொல்றீங்களா, தம்பி? ஆடாம சுத்துறது ஒண்ணுகூட இல்லீங்களா?"

திருமூர்த்தி மிஷினுக்குப் பின்னாடி போயிட்டு வந்தார்.

"இப்ப ஓட்டுங்க."

ஓட்டினாங்க. சைபர்.

பக்கத்து லேத்துக்காரர் கைதட்டினார். மயிலாத்தா சிரிக்கல. மிஷின் மேல உள்ளங்கையை வெச்சாங்க. கொஞ்ச நேரம் எடுக்கவே இல்ல.

"பொய் சொல்லுது. கைக்கு ஆட்டம் தெரியுதுங்க."

பின்னாடி போய்ப் பாத்தாங்க. ஆட்டத்தை அளக்குற சென்சார் ஒயர் கழண்டு தொங்குச்சு.

"சைபர் வேணும்னா அது ஒண்ணுதான் வழி"ன்னார் குரு. "எட்டு மாசமா இந்தக் கைக்குத்தான் நான் காத்திருந்தேன்."

ஒயரை மாட்டி ஓட்டினாங்க. ரெண்டு.

"பூமியே ஆடிக்கிட்டுத்தான் சுத்துது, அக்கா. அச்சு ஒரு இடத்துல நிக்கிறதில்ல. சில மீட்டர் வட்டத்துல அலையுது. ஒரு சுத்து வர பதினாலு மாசம்."

"யாரு ஆட்டுறது?"

"கடல் அடித்தரையை அழுத்துது. காத்து மேல இருந்து அழுத்துது. ஒரு நாள் இருக்குற அழுத்தம் மறுநாள் இல்ல. அது ரெண்டும் மாறாம கிடந்தா இந்த ஆட்டம் தானா அடங்கிப்போகும்."

"நம்ம போர் மோட்டாரு?"

"உலகம் பூரா உறிஞ்சுற தண்ணியில பெரும்பங்கு கடைசியில கடலுக்குப் போகுது. எடை இடம் மாறுது. அச்சும் கொஞ்சம் நகருது."

மயிலாத்தா ரோட்டரைத் தடவிப் பாத்தாங்க.

"அப்ப பூமியை நகத்துனதுல நம்ம பட்டறைக்கும் பங்கு இருக்குது."

"இருக்குது. வாசல் போர்டுல எழுதிட வேண்டாம்."

எழுத்துப் பதிக்கிற உளியையும் சுத்தியலையும் எடுத்து அவங்க முன்னாடி வெச்சார்.

மயிலாத்தா முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டாங்க. ஒரே அடி. 'ம' பதிஞ்சுது. கட்டைவிரலால தேய்ச்சுப் பாத்தவங்க முகம் சுருங்குச்சு.

"சாஞ்சிருச்சு, தம்பி."

"பூமியும் சாஞ்சுதான் இருக்குது. யாரும் திருப்பி அனுப்பலீங்களே, அக்கா."