மிளகு ஓட்டையில் முழு நிலா

கரும்பாறைக் காட்டுக் குளக்கரையில் ஒரு நரி இருந்தது. வேட்டைக்குப் போகவே அதற்குச் சோம்பல். ஆனாலும் மாதா மாதம் பௌர்ணமியன்று அதற்கு விருந்துதான். காரணம், நிலா!

பௌர்ணமி மாலையில் கிழக்குப் பாறைக்குப் பின்னாலிருந்து நிலா பெரிய தாம்பாளம்போல எழும்பும். அதைக் காட்டி நரி ஒருநாள் சொன்னது: "பார்த்தீங்களா! பசியிலே வீங்கிப்போய் வருது. படையல் வைக்கலேன்னா நம்ம குளத்தையே குடிச்சிடும்!"

விலங்குகள் நடுங்கின. பழம், கிழங்கு, முட்டை என்று மாதம் ஒருவர் படையல் கொடுத்தார்கள். நரி அதை இலையில் பொதிந்து பாறைக்குப் பின்னால் கொண்டுபோகும். "யாரும் கூட வரக்கூடாது. நிலாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி!" என்று சொல்லிவிடும்.

சற்று நேரத்தில் நிலா மேலே ஏறும். ஏற ஏறச் சிறிதாகத் தெரியும். "சாப்பிட்டாச்சு! வீக்கம் வடிஞ்சிடுச்சு!" என்று எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். கண்ணாலேயே பார்க்கிறார்களே, அப்புறம் சந்தேகம் எப்படி வரும்?

அந்தப் பௌர்ணமி மாலையில் நிலா பாறைக்கு மேலே தலைகாட்டியதும் எல்லோரும் படையல் வாங்க வந்துவிட்டார்கள். இந்த மாதம் காடையின் முறை. புல் மறைவில் அது ஐந்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டே நாளில் குஞ்சு பொரித்துவிடும்.

"தர மாட்டேன்!" என்றது காடை.

"ஏன் தர மாட்டே?" என்று சீறியது நீர்க்கோழி. "போன மாசம் நான் நாலு முட்டை கொடுத்தேன். என்னோடது மட்டும் என்ன இளப்பமா?"

காட்டுப்பன்றியும் உறுமியது. "உன் அஞ்சு முட்டைக்காக நாங்க எல்லாரும் தண்ணியில்லாம சாகணுமா?"

காடைக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒரு கேள்வி அதன் மனதைக் குடைந்தது.

"நரியண்ணே, சாப்பிட்டா யாருக்கும் வயிறு பெருக்கும். நிலா மட்டும் எப்படிச் சுருங்குது?"

"அது பெரிய இடத்து வயிறு! உனக்கெங்கே புரியும்?" என்றது நரி.

காடை விடவில்லை. அதன் கூட்டுக்கு மேலே ஒரு பூவரச இலை தொங்கியது. பூச்சி அரித்ததில் அதில் மிளகளவுக்கு ஓர் ஓட்டை. அடைகாக்கும் நேரத்தில் அந்த ஓட்டை வழியே வேடிக்கை பார்ப்பதுதான் காடைக்குப் பொழுதுபோக்கு. பன்றி தூரத்தில் நின்றால் ஓட்டைக்குள் முழுசாக அடங்கிவிடும். பக்கத்தில் வந்தால் மூக்குகூட அடங்காது. இதைப் பலநாள் பார்த்து வைத்திருந்தது.

காடை உடனே மந்தியைக் கூப்பிட்டது. எதையாவது எட்டிப் பார்க்கச் சொன்னால் மந்திக்குச் சாப்பாடே வேண்டாம்.

"மந்தியக்கா! இந்த இலையைப் பறிச்சுக் கையை நேரா நீட்டிப் பிடிங்க. ஓட்டை வழியா நிலாவைப் பாருங்க!"

மந்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தது. "அடியாத்தி! இத்தனை பெரிய நிலா இந்த மிளகு ஓட்டைக்குள்ள அடங்கிடுச்சே! விளிம்போட விளிம்பா, அச்சா நிக்குது!"

"விளையாட்டெல்லாம் போதும். முட்டையை எடு!" நரி அவசரப்பட்டது.

"கொஞ்சம் பொறுங்க. நிலா பனை உச்சிக்கு ஏறட்டும். இந்த ஓட்டையை விட ஒரு மயிரிழை பெருத்தாலும் முட்டைகளை நானே உருட்டித் தர்றேன்" என்றது காடை.

எல்லோரும் காத்திருந்தார்கள். நிலா மெல்ல மெல்லப் பனைக்கு மேலே ஏறியது. வழக்கம்போலவே சின்னதாகத் தெரிந்தது!

"அட! படையலே போகலையே, எப்படிச் சின்னதாச்சு?" என்றது பன்றி.

நரி அசரவில்லை. "தர்றேன்னு வாக்குக் கொடுத்தாள்ல? அந்தச் சந்தோஷத்திலேயே வீக்கம் வடிஞ்சிடுச்சு. இப்பத் தரலேன்னா மறுபடி வீங்கும்!"

நீர்க்கோழி பதறிப்போய்க் கூட்டை நோக்கி ஓடிவந்தது. காடை சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது. "மந்தியக்கா! இலையைப் பிடிங்க! சீக்கிரம்!"

மந்தி அதே இலையை, அதேபோலக் கையை நீட்டிப் பிடித்தது. பார்த்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தது.

"சுருங்கவே இல்லை! சுருங்கியிருந்தா ஓட்டையிலே சுத்தி இடம் இருக்கணுமே. அப்ப நின்ன மாதிரியேதான் இப்பவும் நிக்குது!"

நீர்க்கோழி நம்பவில்லை. மந்தியின் தோளில் ஏறித் தானும் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு நரியின் பக்கம் திரும்பியது.

"நிலா பெருக்கவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அப்போ என் நாலு முட்டையைத் தின்னது யாரு?"

பன்றி ஓரடி முன்னால் எடுத்து வைத்தது. அவ்வளவுதான்! எடுத்த ஓட்டத்தில் நரி மலையைத் தாண்டும்வரை நிற்கவில்லை.

நீர்க்கோழி விம்மி விம்மி அழுதது. காடை அதைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டது.

மந்தி மட்டும் இன்னும் இலையைக் கீழே போடவில்லை. "அது சரி, பின்னே ஏன் பாறை ஓரத்திலே மட்டும் அத்தனை பெரிசாத் தெரியுது?"

"தெரியலையே அக்கா" என்றது காடை. "ஆனா அதுக்கு முட்டை கேட்கத் தெரியாதுன்னு மட்டும் தெரிஞ்சுது."

கண்ணுக்குத் தெரிவதையும் ஒருமுறை அளந்து பார்ப்பவர், பயம் காட்டிப் பிழைப்பவரிடம் ஏமாற மாட்டார்.