நாலு நட்டு

“நல்ல சீட்டை எப்போ கவிழ்க்கணும், மாஸ்டர்?”

மச்சாது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“கெட்ட சீட்டைக் கவிழ்க்கத் தெரியுமா, சார்?”

“அது தெரியும்.”

“அப்போ பாதி வித்தை முடிஞ்சுது.”

“மீதிப் பாதியிலதான் தோக்குறேன்.”

கேட்டவன் தணிகைவேல். அந்தச் சரக்குக் கப்பலின் இரண்டாம் இன்ஜினியர். மச்சாது, கப்பலின் சமையல்காரர், தூத்துக்குடிக்காரர். சீட்டில் அவரை வென்றதாகச் சொன்னவர் யாரும் இல்லை. அதனால் அவரோடு யாரும் ஆடுவதும் இல்லை.

கப்பல் மறுநாள் காலை ராட்டர்டாம் சேரும். எட்டு மணி நேரம் நிற்கும். தலைமை இன்ஜினியருக்குக் கீழே தணிகை, ஜலால், சவரி என மூன்று பேர். அவர்களில் இருவர் கரைக்குப் போகலாம். ஒருவர் எஞ்சினோடு இருக்க வேண்டும்.

யார் என்பதைப் போக்கர் சொல்லட்டும் என்று சிரித்துக்கொண்டே முறை வைத்தவன் தணிகைதான். அன்று அவனுக்குக் கண்மணியின் செய்தி வந்திருக்கவில்லை.

கண்மணி அவன் தங்கை. பதினோரு வருடத்துக்கு முன் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு ராட்டர்டாமுக்குப் போனவள். அவள் எழுதிய எதற்கும் அவன் பதில் போட்டதில்லை. இந்த முறை ஒரே வரிதான் எழுதியிருந்தாள். ‘அண்ணா, துறைமுக வாசல்ல நிப்பேன்.’

“நீங்க செகண்டு. ஒரு உத்தரவு போட்டா முடிஞ்சுது” என்றார் மச்சாது.

“முறையை வச்சது நான்.”

“சரி. நேத்து பெரிய ஆட்டம் ஒண்ணு தோத்தீயளாமே. கையில என்ன இருந்துது?”

“ஆட்டின் ராஜா, கிளாவர் பத்து. நடுவிலயும் ஒரு ராஜா விழுந்துச்சு.”

“எதிர்ல ஏத்துனது யாரு?”

“ஜலால். இல்ல... சவரி.”

“ஏத்தும்போது அவன் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்?”

“பாக்கலையே.”

“எங்க பாத்துக்கிட்டு இருந்தீய?”

“என் சீட்டை.”

மச்சாது அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

*

மாலை நாலு மணி. சாப்பாட்டு மேசையில் கடைசி நாள் ஆட்டம்.

காசு கிடையாது. எஞ்சின் அறையில் கழித்துப் போட்ட இரும்பு நட்டுகள்தான் பந்தயம். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முதலில் மூன்று திறக்கும், பிறகு ஒவ்வொன்றாக இரண்டு. தொடக்கத்தில் ஒரு நட்டு வைக்கலாம், நான்காம் சீட்டிலிருந்து இரண்டு. அடுத்தவன் வைத்ததற்கு மேல் ஏற்றினாலும் அதே அளவுதான். எவ்வளவு நல்ல சீட்டு வந்தாலும் அதற்குமேல் கிடையாது. தொடர விரும்பாதவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம், வைத்த நட்டு போனது போனதுதான்.

நட்டு முதலில் தீர்ந்தவன் கப்பலில்.

தணிகைக்கு ஆஸும் ராணியும் வந்தன. நடுவில் ஆஸ், ஒன்பது, நாலு.

ஆஸ் ஜோடி.

ஒரு நட்டு வைத்தான். ஜலால், மூன்றாம் இன்ஜினியர், சீட்டைக் கவிழ்த்துவிட்டு பிஸ்கட்டை எடுத்தான். சவரிராயன், நாலாமவன், ஒன்று வைத்தான்.

நான்காம் சீட்டு ஏழு. தணிகை இரண்டு வைத்தான்.

சவரி நாலாக ஏற்றினான்.

தணிகையிடம் மிச்சம் இருந்தது நாலு. தொடர இப்போது இரண்டு வேண்டும். கடைசிச் சீட்டுக்கு மீதி இரண்டு. தோற்றால் அவன்தான் கப்பலில்.

தன் சீட்டுகளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். வைத்தான். மறுபடி தூக்கினான்.

டீ கொண்டுவந்த மச்சாது அவன் பின்னால் நின்றார். தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. இரண்டு சீட்டையும் எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டது.

“மாஸ்டர், இது எந்த ஊர்ச் சட்டம்?” என்றான் ஜலால்.

“சமையல்கட்டுச் சட்டம். டீயைக் குடிங்க தம்பி.”

தணிகை திரும்பினான். “சீட்டைக் குடுங்க மாஸ்டர்.”

“எதுக்கு? அது மாறியிருக்காது.”

தணிகைக்குப் பார்க்க எதுவும் இல்லை. எதிரே பார்த்தான்.

சவரி கப்பலுக்கு வந்து நாலு மாதம். அவன் ஏற்றிய ஆட்டங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஏற்றினால், “தப்பா நினைச்சுக்காதீங்க சார்” என்று சொல்லுவான். கழுத்துச் சிலுவையை உருட்டுவான்.

இன்று எதுவும் சொல்லவில்லை. சிலுவை சட்டைக்குள் இருந்தது. டீ கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டு, தனக்கு முன்னால் மேசையை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தான். மெதுவாக. ஏதோ வரப்போகிற சாமானுக்கு இடம் ஒழிப்பதைப்போல.

தணிகை வெகுநேரம் பார்த்தான்.

“கவிழ்த்துடுங்க மாஸ்டர்.”

“செகண்ட் சார்” என்றான் ஜலால், “ஆஸ் வச்சிருக்கீங்கன்னு உங்க மூஞ்சியே சொல்லுது. இன்னும் ரெண்டே நட்டு.”

“ஆமா.”

மச்சாது சீட்டுகளைக் குப்புறப் போட்டுவிட்டு உள்ளே போனார். பருப்பு அடுப்பில் இருந்தது.

அந்த நாலு நட்டோடு தணிகை ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தான். ஒன்பதானது. மூன்றானது. பன்னிரண்டானது.

சாப்பாட்டு மணி அடிக்கும்முன் தீர்ந்தது ஜலாலின் நட்டு.

*

காலையில் தணிகை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து கப்பல் ஏணியில் இறங்கினான். பின்னால் சவரி. எஞ்சின் அறை வாசலிலிருந்து ஜலால் இருவரையும் தன் ஊர்ப் பாஷையில் வாழ்த்தி அனுப்பினான். வாழ்த்தில் பாதி வசவு.

கீழே சற்று தூரத்தில் கம்பிக் கதவு. அதற்கு அப்பால் நீல கோட்டு போட்ட ஒரு பெண், கையில் பிளாஸ்க்கோடு.

பாதி ஏணியில் சவரி கேட்டான்.

“செகண்ட் சார், நேத்து என்கிட்ட என்ன இருந்துச்சுன்னு சொல்லட்டுமா?”

“வேண்டாம்.”

“ஒண்ணுமே இல்லாம ஏத்தியிருந்தேன்னா?”

தணிகை அடுத்த படியில் கால் வைத்தான்.

“அப்பவும் கவிழ்த்திருப்பேன். நட சவரி, வாசல்ல ஆள் நிக்குது.”