மூன்று நாள் போர்வை

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவின் கடைசியில், மீன் விற்காத கடை ஒன்று இருந்தது. உள்ளே கண்ணாடித் தொட்டிகள். தொட்டிகளுக்குள் செடிகள். மதியம் இரண்டு மணிக்கு எல்லா விளக்குகளும் அணைந்துவிடும். கடை திறந்தேதான் இருக்கும், இருட்டாக.

கடைக்காரி பரீதாவுக்கு முப்பத்திரண்டு வயது. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல மாட்டாள். அதனால் பக்கத்துக் கடைக்காரர்கள் கேலியாக வாத்தியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளடைவில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் மங்களேஸ்வரிதான் மூத்தவள். ஐம்பத்து நாலு வயது. முதல்முறை வந்தபோது கையில் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். அதற்குள் கீரையைக் கசக்கிப் பிழிந்தது போலப் பச்சைத் தண்ணீர்.

"இது என்னன்னு சொல்லு வாத்தியாரம்மா."

பரீதா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு அக்கா."

"அழகா? ரெண்டடித் தொட்டி முழுக்க இப்படித்தான் இருக்கு. உள்ள மீன் இருக்கா போயிடுச்சான்னே தெரியல. வாரத்துல மூணு தடவை தண்ணி மாத்துறேன். கண்ணாடியைத் தேய்க்கிறேன். கல்லை எடுத்து அலசுறேன். செடியை ஒவ்வொரு இலையாத் துடைக்கிறேன்."

"செடியைத் துடைக்கிறீங்களா?"

"பழைய பல்பிரஷ்ஷாலதான். மெதுவாத்தான் துடைப்பேன்."

பரீதா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காகக் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தாள்.

"எந்த லைட் வாங்கணும், எத்தனை மணி நேரம் போடணும், அதை மட்டும் சொல்லு. இருக்கிறதுலயே பெரிசாக் குடு. வெளிச்சம் பத்தலைன்னு நினைக்கிறேன்."

"இப்ப எவ்வளவு நேரம் எரியுது?"

"அணைக்கிறதே இல்ல."

"ராத்திரி?"

"அவர் எப்ப கண்ணைத் திறப்பாருன்னு தெரியாதே. திறக்கும்போது இருட்டா இருந்தா?"

மங்களேஸ்வரியின் கணவர் தெய்வசிகாமணி முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஏழு மாதமாகப் படுக்கையில் இருந்தார். பேச்சு இல்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் திரும்பும், அதையும் அவர் திருப்பாமலே கிடந்தார். அசைகிற எதையாவது கண் முன்னால் வையுங்கள் என்று பிசியோதெரபிக்கு வரும் பெண் சொன்னாள். மங்களேஸ்வரி தொட்டி வாங்கி வைத்தாள். ஒரு கப்பி மீன் இடமிருந்து வலமாகப் போனது. அவர் கண்ணும் அதன் கூடவே போனது. கண்ணோடு கழுத்தும் போனது. அன்றைக்கு அவள் அழுதாள்.

"இப்ப பத்து நாளா சுவரைப் பார்த்தே கிடக்கிறார். தண்ணி பச்சையானதுலேருந்து. இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. இப்படியே விட்டா கழுத்து இறுகிடும், அப்புறம் அதுவும் போயிடும்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டா. மீன் தெரிஞ்சாத்தானே திரும்புவார்? அதுக்குத்தான் லைட்."

"லைட் இருக்கட்டும். உட்காருங்க அக்கா. அந்தச் செடியைப் பாருங்க."

மணி ஒன்றரை. தொட்டிக்குள் மயிலிறகு போல இலை விரித்து ஒரு செடி நின்றது. மங்களேஸ்வரி அதைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து மூடினாள்.

"கேஸை அணைச்சேனான்னு ஞாபகம் இல்ல."

"அணைச்சிருப்பீங்க."

"பக்கத்து வீட்டுப் பொண்ணைத்தான் உட்கார வச்சுட்டு வந்திருக்கேன். அவ போன்லயே இருப்பா."

"செடியைப் பாருங்க அக்கா."

எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. மேலே இருந்த இலைகள் மெல்ல நிமிர்ந்தன. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் செடியின் நுனி, விரல்களைச் சேர்த்துக் குவித்த கை போல ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் எங்கோ ஒரு டைமர் தட்டியது. கடை முழுக்க விளக்கு அணைந்தது.

இருட்டுக்குள் பச்சை கொஞ்சம் மிச்சம் இருந்தது. எல்லாத் தொட்டிகளிலிருந்தும் குமிழி ஏறும் சத்தம் வந்தது. வெளியே ஆட்டோக்கள் ஒலியெழுப்பியது மிகத் தொலைவில், வேறு ஊரில் போலக் கேட்டது. தானும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதாக மங்களேஸ்வரிக்குத் தோன்றியது.

"லைட் எரியும்போதே மூடிக்கிச்சே. யார் சொன்னது அதுக்கு?"

"நான் சொல்லல."

"தண்ணி பிடிக்கலையோ?"

"காலையில விரிஞ்சு நின்னதும் இதே தண்ணிதான்."

"அப்புறம் ஏன்?"

"போதும்னு இருக்கும்."

மறுநாள் காலை பரீதா அவள் வீட்டுக்கு வந்தாள். அறையில் தொட்டி வெள்ளையும் நீலமுமாக எரிந்துகொண்டிருந்தது. தெய்வசிகாமணி சுவர்ப் பக்கம் முகம் திருப்பிக் கிடந்தார். விளக்கின் நீலம் அவர் பின்னந்தலையில் விழுந்து, நரைமுடியெல்லாம் நீலமாக இருந்தது. கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் ரப்பர் குழாய், வாளி, பல்பிரஷ், மூன்று துண்டுகள்.

பரீதா பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, முந்தின நாளே பிடித்துவைக்கச் சொல்லியிருந்த தண்ணீரை ஊற்றினாள். விளக்கின் வயரைப் பிடுங்கினாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

"கெட்டியான போர்வை இருக்கா? கறுப்பா?"

மங்களேஸ்வரி சபரிமலைக்குப் போகும் தம்பி விட்டுப்போன கம்பளியைக் கொண்டுவந்தாள். பரீதா தொட்டியை நாலு பக்கமும் மூடினாள்.

"மூணு நாள். தூக்கிப் பார்க்கக் கூடாது."

"மீனுக்குச் சாப்பாடு?"

"வேண்டாம். மூணு நாள் தாங்கும்."

"மூச்சு முட்டாதா?"

"காத்து மோட்டார் ஓடுது பாருங்க."

"செடி செத்துடாதா? அது சரி, நடுவுல அவர் திரும்பினா? எத்தனை நாள் கழிச்சுத் திரும்புறவருக்கு வெறும் கம்பளியா தெரியணும்?"

பரீதா நாற்காலியில் இருந்ததையெல்லாம் தரையில் இறக்கினாள். நாற்காலியின் முதுகு தொட்டியில் ஒட்டும்படி, கட்டிலைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள்.

"இதுல உட்காருங்க. யாரும் கம்பளியைத் தூக்காம காவல்."

"தூக்க யார் இருக்கா? நானும் அவரும்தானே?"

"அவர் தூக்க மாட்டார்."

மங்களேஸ்வரிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"காவல்னா தொட்டியைப் பார்த்துல்ல உட்காரணும். இப்படித் திருப்பிப் போட்டிருக்கே?"

"பேங்க் வாசல்ல காவலுக்கு இருக்கிறவர் பேங்கையா பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்?"

போகும்போது பரீதா ரப்பர் குழாயையும் பல்பிரஷ்ஷையும் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

முதல் நாள் மங்களேஸ்வரி உட்கார்ந்ததைவிட எழுந்ததுதான் அதிகம். கஞ்சி வைத்தாள், ஊட்டினாள், துடைத்துவிட்டாள், மாத்திரை கொடுத்தாள். அதெல்லாம் எப்போதும் செய்வதுதான். அதற்கு மேல் கைக்கு வேலை இல்லை. சமையலறைக் குழாயை மூன்று தடவை இறுக்கி மூடினாள்.

இரண்டாம் நாள் மதியம் கம்பளியின் ஓரத்தைப் பிடித்தாள். மீன்கள் மிதந்துவிட்டிருக்குமோ. இலைகள் அழுகியிருக்குமோ. உள்ளிருந்து குமிழிச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஓரத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அறை மங்கலாக இருந்தது. திரை அசைந்தபோது சுவரில் வெளிச்சம் தண்ணீர் போல நெளிந்தது. குமிழிச் சத்தம் இப்போது தொட்டிக்குள்ளிருந்து வருகிறதா, அவர் மூச்சிலிருந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் தன் பாட்டுக்குப் பேசினாள்.

"கல்யாணமான புதுசுல உங்க வண்டியிலயே திருத்தணிக்குப் போனேனே. இன்ஜினுக்குப் பக்கத்து ஒத்தை சீட்ல. போக வர அஞ்சு மணி நேரம். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீங்களா? அப்பவே சண்டை போட்டிருக்கணும். ரோட்டைப் பார்க்கணுமேன்னு விட்டேன்."

எழுந்து அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு, மறுபடி நாற்காலிக்கே வந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் அவள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். பகலில் அவள் தூங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. கனவில் ஒரு பஸ் தண்ணீருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் செடிகள் வளைந்து வழிவிட்டன. டிக்கெட் கேட்க ஒருவரும் வரவில்லை. எங்கே இறங்க வேண்டும் என்ற பயமும் அவளுக்கு இல்லை.

விழித்தபோது தலையணையில் அவர் முகம் இந்தப் பக்கம் இருந்தது. கண் திறந்திருந்தது.

அவள் அசையவில்லை. அசைந்தால் கலைந்துவிடும் என்று பயந்தாள். இமைக்கக்கூடப் பயந்தாள்.

அன்று சாயங்காலம் பிசியோதெரபிப் பெண் வந்ததும், அவளை இருக்கச் சொல்லிவிட்டு மங்களேஸ்வரி கடைக்கு ஓடினாள். கடை இருட்டாக இருந்தது. பரீதா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து செடிகளின் வேரை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"திரும்பிட்டார்."

"சந்தோஷம் அக்கா."

"கம்பளி இன்னும் அப்படியேதான் இருக்கு. நான் தூக்கல, சத்தியமாத் தூக்கல. மீனும் தெரியல, வெளிச்சமும் இல்ல. அப்ப எதைப் பார்க்கத் திரும்பினார்?"

பரீதா வேரை நறுக்கினாள்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றாள் மங்களேஸ்வரி. "லைட்டுதானே? ராப்பகலா அந்த மனுஷன் கண்ணுல அடிச்சுக்கிட்டே இருந்திருக்கேன். அந்தச் செடி மாதிரி போதும்னு மூடிக்கிட்டார். தண்ணி பச்சையானதும் அந்த லைட்டாலதான். பாவி நான். இல்லையா?"

"பாதி அதுவா இருக்கும்."

"மீதி?"

"தண்ணி மாத்துறப்போ, கண்ணாடி தேய்க்கிறப்போ எல்லாம் எந்தப் பக்கம் பார்த்து நிப்பீங்க?"

"தொட்டியைப் பார்த்துத்தான். அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு..."

"இந்த மூணு நாள்?" என்று பரீதா கேட்டாள்.

தெருவில் யாரோ நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் ஒரு தங்கமீனை எடுத்துக்கொண்டு போனார்கள். அது கடை வாசலைத் தாண்டும் வரை இருவரும் பார்த்தார்கள்.

பரீதா எழுந்து உள்ளே போனாள். ஒரு சாண் நீள விளக்கு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். கடையில் இருந்ததிலேயே சின்னது.

"நாளைக்குக் காலையில கம்பளியை எடுங்க. பாதித் தண்ணி மாத்துங்க. கல்லை அலச வேண்டாம். இலையைத் துடைக்க வேண்டாம். குழாயை மட்டும் திருப்பித் தர்றேன்."

"பிரஷ்?"

"அது என்கிட்டயே இருக்கட்டும்."

மங்களேஸ்வரி விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படியிறங்கினாள். மறுபடி ஏறி வந்தாள்.

"நான் கேட்டதுக்கு இன்னும் நீ பதில் சொல்லல. இதை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடணும்?"

"செடிக்கு ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். அதுக்குக் கீழ எவ்வளவுங்கிறது உங்களைப் பொறுத்தது."

"என்னைப் பொறுத்ததுன்னா?"

"அந்த நாற்காலியில நீங்க உட்கார்ந்திருக்கிற வரைக்கும் எரியட்டும் அக்கா. எழுந்திரிச்சா அணைச்சிடுங்க."