வாலை மட்டும் பார்த்த ஆட்காட்டி

ஆவாரங்குளத்துக்குக் காவல் கோமளி. அது ஓர் ஆட்காட்டிப் பறவை. நீளமான மஞ்சள் கால்கள், கண்ணோரத்தில் சிவப்பு, குளத்தின் அக்கரைவரை கேட்கும் குரல்.

வானத்தில் பெரிய இறக்கை ஒன்று தெரிந்தால் போதும். "கழுகு! கழுகு! கழுகு!" என்று கோமளி கத்தும். உடனே வாத்துகள் கோரைக்குள் நுழையும். முயல் புதருக்குள் பாயும். நீர்க்கோழி பொன்னாயி தன் ஐந்து குஞ்சுகளையும் விரட்டிக்கொண்டு ஓடும்.

அந்த வருடம் வெயில் அதிகம். குளம் பாதியாகச் சுருங்கிவிட்டது. கோரைக்குள் தின்ன ஒன்றும் இல்லை. புழுவும் நத்தையும் நடுவிலிருந்த சேற்றுத் திட்டில்தான் கிடைத்தன. திட்டோ திறந்தவெளி. குஞ்சுகள் அங்கே போய் நாலு வாய் கொத்துவதற்குள் "கழுகு!" என்று சத்தம் வரும். மறுபடி ஓட்டம். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை இப்படி! குஞ்சுகள் அரை வயிற்றோடு படுத்தன. கடைசிக் குஞ்சுக்கு ஓடவே தெம்பில்லை.

ஒரு நாள் பொன்னாயி கோமளியிடம் நேராக வந்தது.

"ஏண்டி கோமளி, இப்போது எதற்குக் கத்தினாய்?"

"கழுகு வந்ததே!"

"என்ன கழுகு?"

"பெரிய கழுகு!"

"யாரையாவது தூக்கியதா?"

"இல்லை. அது பாட்டுக்குப் போய்விட்டது."

"பதினைந்தில் பதினாலு அப்படித்தான் போகிறது! என் பிள்ளைகளைக் கழுகு கொல்லாது. உன் கூச்சல்தான் பட்டினி போட்டுக் கொல்லும்!"

பக்கத்தில் நின்ற வாத்து தலையை ஆட்டியது. "காவலை நாரையிடம் கொடுத்துவிடலாம். அது வாயே திறக்காது. நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டாவது சாவோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். கோமளி சிரிக்கவில்லை. கடைசியில் குளம் ஒரு முடிவுக்கு வந்தது. கோமளி இன்னும் ஒரே ஒரு தப்பு செய்தால் போதும். அப்புறம் காவல் நாரைக்கு.

கோமளிக்கு அன்று இரை இறங்கவில்லை. பறந்து போய், மேய்ந்துகொண்டிருந்த எருமையின் பக்கத்தில் நின்றது. எருமையின் முதுகில் கரிச்சான் குருவி துடுக்கன் உட்கார்ந்திருந்தது. துடுக்கன் கைப்பிடி அளவுதான் இருக்கும். ஆனாலும் எவ்வளவு பெரிய பறவையையும் துரத்தித் துரத்திக் கொத்தும்.

"தம்பி, கழுகுகளை உனக்குத்தான் கிட்டத்தில் பழக்கம். எது எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்?"

"வால், அக்கா, வால்! வாலைப் பார்த்தால் போதும்."

"முகம் எப்படி இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? நான் எல்லாரையும் பின்பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அவர்கள் திரும்புவதற்குள் நான் ஓடிவிடுவேன்!"

எருமை குலுங்கிச் சிரித்தது. துடுக்கன் விழாமல் சமாளித்துக்கொண்டு சொன்னது: "நிறத்தை நம்பாதே, அக்கா. வெயிலுக்கு எதிரே எல்லாம் கறுப்புதான். அளவையும் நம்பாதே. உயரப் போனால் பெரியதும் சின்னதாகிவிடும். வால் குட்டையாக இருந்தால் பாறு. அது செத்ததைத்தான் தின்னும். வால் விசிறி மாதிரி விரிந்திருந்தால் பாம்புக்கழுகு. அதற்குப் பாம்பு போதும். வால் நடுவில் வெட்டுப்பட்டுக் கவை மாதிரி இருந்தால் கரும்பருந்து. குஞ்சு திருடுவது அதுதான்!"

கோமளிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. குளத்துக்குத் திரும்பியதும் மனப்பாடம் செய்யத் தொடங்கியது. ஆனால் ஆட்காட்டிக்கு மெல்லப் பேசத் தெரியுமா?

"குட்டை வால் பாறு! விசிறி வால் பாம்புக்கழுகு! கவை வால் பருந்து!"

காலை முழுக்க இதே பாட்டு. குளமே கேட்டது. குளக்கரைப் பனையில் உட்கார்ந்திருந்த ஒரு கரும்பருந்தும் கேட்டது.

முதல் நான்கு நாள் எல்லாம் நன்றாக நடந்தது. "பாறு! பயமில்லை!" என்று கோமளி அறிவித்தது. யாரும் அசையவில்லை. "பாம்புக்கழுகு! பாம்புகள் மட்டும் ஒளியலாம்!" என்றது. தண்ணீர்ப்பாம்புகள் மட்டும் முங்கின. "பருந்து!" என்றபோது மட்டும் எல்லாரும் ஓடினார்கள். குஞ்சுகளின் வயிறு உருண்டது. கடைசிக் குஞ்சுகூட அண்ணன்களோடு நத்தைக்குச் சண்டை போட்டது.

"பரவாயில்லையே, கோமளி!" என்றது வாத்து.

கோமளி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

பனையில் இருந்த பருந்துக்குத்தான் பசி. நான்கு நாளாக ஒரு குஞ்சும் கிடைக்கவில்லை. அது தன் வாலைத் திரும்பிப் பார்த்தது. "இந்த வெட்டுதானே காட்டிக் கொடுக்கிறது?" வாலை மெல்ல விரித்தது. இன்னும் விரித்தது. இறகுகள் எல்லாம் அகன்றதும் வெட்டைக் காணோம்! ஓரம் நேராகிவிட்டது.

"அடடே! விசிறி வால் என்றால் பாம்புக்கழுகா? இதோ வருகிறேன்!"

ஐந்தாம் நாள் நடுப்பகல். பருந்து வாலை அகல விரித்துக்கொண்டு, குளத்துக்கு மேலே நிதானமாக வட்டமிட்டது.

கோமளி அண்ணாந்து பார்த்தது. பார்த்தவுடனே கத்தியது. "விசிறி வால்! பாம்புக்கழுகு! கோழிகள் மேயலாம்!"

பொன்னாயி தலையைக்கூடத் தூக்கவில்லை. குஞ்சுகள் திட்டின் நடுவே பரவி மேய்ந்தன.

சொல்லியாகிவிட்டது, வேலை முடிந்தது என்று கோமளி திரும்பியது. அப்போது கரைப் பாறை கண்ணில் பட்டது. அதன்மேல் ஒரு தண்ணீர்ப்பாம்பு நீட்டிப் படுத்திருந்தது. தவளையை விழுங்கிவிட்டு நல்ல தூக்கம். கோமளியின் சத்தம் அதன் காதில் விழவே இல்லை.

'ஐயோ, பாவம்! கழுகு இதைத்தானே தூக்கப் போகிறது!' என்று கோமளி பதறியது.

ஆனால் பறவை பாறைக்கு மேலே வந்தது. பாம்பைக் கடந்தது. குனிந்துகூடப் பார்க்கவில்லை! அதன் தலை சேற்றுத் திட்டின் பக்கமே திரும்பியிருந்தது.

'கொழுத்த பாம்பு வெயிலில் கிடக்கிறது. பாம்புக்கழுகு அதை விட்டுவிட்டுப் போகுமா?'

கோமளி மறுபடி அண்ணாந்தது. இந்தத் தடவை வாலோடு நிறுத்தவில்லை. இந்த நான்கு நாளில் பார்த்த பாம்புக்கழுகுகள் இறக்கையை மேலே தூக்கிப் பிடித்தபடி மிதந்தன. இதன் இறக்கை தூக்கியில்லை. பாம்புக்கழுகின் இறக்கைக்கு அடியில், ஓரத்தை ஒட்டி அகலமான வெள்ளைப் பட்டை தெரியும். இதற்குப் பட்டையே இல்லை. வாலோ, படகின் சுக்கானைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கிக்கொண்டே இருந்தது. அப்படி முறுக்குவது ஒரே ஒருவர்தான்!

கோமளி தயங்கியது. 'இப்போதுதான் பாம்புக்கழுகு என்றேன். உடனே இல்லை என்றால்? தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். காவல் போய்விடும்.'

பறவை தாழ்ந்தது. கடைசிக் குஞ்சு திட்டின் ஓரத்தில் தனியாக ஒரு நத்தையை இழுத்துக்கொண்டிருந்தது.

"நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்!" என்று கோமளி வீறிட்டது. "தப்பு! தப்பு! அது பருந்து! பொன்னாயி, பருந்து! ஓடு!"

பருந்து அதற்குமேல் காத்திருக்கவில்லை. வாலை மடக்கிப் பாய்ந்தது. வாலில் வெட்டு பளிச்சென்று தெரிந்தது. பொன்னாயி நாலு குஞ்சுகளைக் கோரைக்குள் தள்ளிவிட்டு, ஐந்தாவதை நோக்கி ஓடியது. "நத்தையை விடுடா, தின்னிப் பயலே!" என்று கத்தி, ஒரே இடி இடித்தது. குஞ்சும் நத்தையும் சேர்ந்து கோரைக்குள் உருண்டன.

பருந்தின் கால்களில் சேறுதான் அகப்பட்டது. அது எழும்புவதற்குள் எருமை முதுகிலிருந்து துடுக்கன் வந்துவிட்டது. "விசிறி வேண்டுமா, அண்ணே? நான் வீசுகிறேன்!" என்று வாலிலேயே கொத்தியது. பருந்து அடுத்த ஊர்க் குளத்தைப் பார்த்துப் பறந்தது.

எல்லாரும் கோமளியைச் சுற்றி நின்றார்கள். கோமளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"தப்பு செய்துவிட்டேன். நாரையைக் கூப்பிடுங்கள்."

வாத்து தொண்டையைச் செருமியது. "பேச்சுப்படி பார்த்தால்..."

"நீ சும்மா இரு!" என்றது பொன்னாயி. ஐந்து குஞ்சுகளையும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அது பேசியது. "முதலில் சொன்னதையே பிடித்துக்கொண்டு இவள் சாதித்திருந்தால் என் பிள்ளை போயிருப்பான். எனக்குக் காவலுக்கு இவள்தான் வேண்டும்."

முயலும் ஆமாம் போட்டது. நாரை வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று முதல் கோமளி ஒரு பறவையைப் பார்த்தால் வாலைப் பார்க்கும், இறக்கையைப் பார்க்கும், அது எதைப் பார்க்கிறது என்றும் பார்க்கும். பெயர் சொல்லிவிட்ட பிறகும் கண்ணை எடுக்காது.

ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவு செய்யாமல் பலவற்றையும் பார்க்கிறவரும், தவறு தெரிந்தவுடன் வெட்கப்படாமல் திருத்திச் சொல்கிறவருமே நம்பத் தகுந்த காவலர்.