கூத்தையன் வேய்ந்த கூரை

முத்தலைக்கோட்டை அரண்மனை விகடர் அனவரதத்துக்கு முதன்முதலில் அநியாயம் செய்தவன் கூத்தையன் என்கிற ஓட்டுக்கொத்தன். இதை அனவரதமே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த அநியாயத்தைத் தாம்பூலம் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்தது தன் புத்திதான் என்பதையும், நெருக்கிக் கேட்டால், ஒத்துக்கொள்வார்.

பங்குனி வெயிலில் அவர் வீட்டுக்கு ஓடு மாற்ற ஆள் தேடினார்.

"ஆளைப் பார்த்து ஏமாறாதீங்க" என்றாள் மனைவி உலகம்மை. "அவன் முன்னே வேய்ஞ்ச வீட்டுக்குப் போய், போன மழைக்காலம் எப்படிக் கழிஞ்சதுன்னு கேளுங்க."

"முகத்தைப் பார்த்தே மனிதனை எடை போடுகிறவன் நான்" என்று மீசையைத் தடவினார் அனவரதம்.

கூத்தையன் வந்தான். "ஐயா மாதிரி அறிவாளி வீட்டு ஓட்டைத் தொட நான் என்ன புண்ணியம் பண்ணினேனோ!" என்றான். அதோடு விசாரணை முடிந்தது. வேலை அவனுக்குத்தான்.

ஓடு வேய்கிறவர்கள் இறவாரத்தில், அதாவது கூரையின் கீழ் விளிம்பில், தொடங்குவார்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படுக்கும்படி வரிசை வரிசையாக முகட்டுக்கு ஏறுவார்கள். அப்போதுதான் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வெளியே போகும். கூத்தையனோ நேரே முகட்டுக்கு ஏறி, அங்கிருந்து தொடங்கினான். "ஏறினது ஏறியாச்சு, இறங்கிக்கிட்டே முடிச்சிடலாம்" என்பது அவன் கணக்கு.

அனவரதம் கீழே நின்று அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார். "பார்த்தாயா உலகம்மை, மற்றவன் எல்லாம் அடியிலிருந்து ஊர்கிறான். இவன் உச்சியிலேயே ஆரம்பிக்கிறான். மேதை!"

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை அடித்தது. கீழ் ஓடெல்லாம் மேல் ஓட்டின்மேல் ஏறிக் கிடந்ததால், ஓடி வந்த தண்ணீரெல்லாம் இடுக்கு இடுக்காக வீட்டுக்குள் புகுந்தது. தெருவில் மழை விட்ட பிறகும் அனவரதம் வீட்டில் பெய்துகொண்டிருந்தது. உலகம்மை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"நீங்களும் உங்க மேதையும் குடும்பம் நடத்துங்க. ஒழுகாத கூரை வந்த அன்னிக்கு ஆள் அனுப்புங்க."

கூத்தையனைக் கூப்பிட்டு அனுப்பினால், "ஓட்டில் குறையில்லை, மழையில்தான் குறை" என்று பதில் வந்தது. அனவரதம் ஈர வேட்டியோடு சபைக்குப் போய் முறையிட்டார். திருமேனிராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூன்று சீமைப் புதிரை அவிழ்த்தவரய்யா நீர்! ஒரு கொத்தனிடம் மாட்டிக்கொண்டீரே! சரி, கேளும். அவனை மிரட்டக் கூடாது. என் ஆணையைக் காட்டக் கூடாது. வேறு கொத்தனை வைக்கக் கூடாது. அவனே உம்மிடம் வந்து, பிரித்து வேய்கிறேன் என்று கெஞ்ச வேண்டும். முடியுமா?"

"முடியாது மகாராஜா. ஆனால் என் மனைவி திரும்பி வர வேண்டுமே! செய்கிறேன்."

வழி தெரியாமல் அவர் விழித்துக்கொண்டிருந்த வேளையில் கூத்தையனே சபைக்கு வந்தான். கையில் வெற்றிலைத் தட்டு. ஐப்பசியில் அவன் மகளுக்குக் கல்யாணம். மகாராஜா வந்து ஆசீர்வதிக்க வேண்டுமாம். ராஜாவும் தட்டைத் தொட்டு, வருவதாகச் சொல்லிவிட்டார்.

அனவரதம் மெல்ல எழுந்தார். "கல்யாணம் எங்கே, கூத்தையா?"

"வாசல்ல பந்தல் போட்டுத்தாங்க ஐயா."

"ஐப்பசி மழையில் பந்தலா? மகாராஜா நனைவதா? வேண்டாமப்பா. என் வீட்டுக் கூடம் பெரிசு. அப்பன் கையால் வேய்ந்த கூரையின்கீழ் மகள் கழுத்தில் தாலி ஏறட்டும். எனக்கும் பெருமை."

கூத்தையன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "ஐயாவுக்கு எதுக்கு வீண் சிரமம்..."

"ஏன், கூரையில் ஏதாவது குறை வைத்திருக்கிறாயா?"

சபை முழுவதும் அவனையே பார்த்தது.

"குறையா! என் வேலையிலயா!"

"அப்புறம் என்ன? உன் சம்பந்தியும் ஓட்டுக்கொத்தர்தானாமே? உள்ளே வந்ததும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். பூரித்துப்போவார்."

மறுநாள் விடியுமுன்னே கூத்தையன் அவர் வாசலில் நின்றான்.

"ஐயா, கூரையைக் கொஞ்சம் பிரிச்சு வேய்ஞ்சு தந்துடறேன்."

"எதற்கப்பா? நன்றாகத்தானே இருக்கிறது?"

"காலைப் பிடிக்கிறேன் ஐயா!"

"கூடத்தில் நிற்கிற தண்ணீரில் கெண்டை வளர்க்கலாம் என்றிருக்கிறேன். அதைக் கெடுக்காதே."

அவன் காலில் விழுந்த பிறகுதான் அனவரதம் கெண்டையைக் கைவிட்டார். இந்த முறை கூத்தையன் இறவாரத்தில் தொடங்கினான். தண்ணீர் ஓடும் வாட்டம் சரிபார்த்தான். நொறுங்கின ஓடுகளையெல்லாம் தன் செலவில் மாற்றினான். உலகம்மைக்கு ஆள் போயிற்று. அவள் வந்து, கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்து, "ம்" என்றாள். அனவரதத்துக்கு அதுவே பரம திருப்தி.

கல்யாணத்தன்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. சம்பந்தி அண்ணாந்து பார்த்து மெச்சினார். இரண்டு வீட்டுச் சனமும் கூடத்தில் அடைந்துகொண்டதில், இடித்துத் தள்ளப்பட்டு வெளியே வந்து விழுந்தவர் வீட்டுக்காரர் அனவரதம் ஒருவர்தான். அவர் இறவாரத்தின் விளிம்புக்கு நேர்கீழே நின்றார்.

தாலி கட்டி முடிந்து ராஜா வெளியே வந்தார். தலை முதல் கால்வரை சொட்டச் சொட்ட நின்றவரைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னய்யா இது? கூரைதான் ஒழுகவில்லையே, நீர் ஏன் நனைந்திருக்கிறீர்?"

"கூத்தையன் வேலை அவ்வளவு சுத்தம், மகாராஜா. முன்பெல்லாம் மழையை வீடு முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்தான். இப்போது ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், அவ்வளவையும் கொண்டுவந்து என் ஒருவன் தலையிலேயே ஊற்றுகிறான்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அனவரதத்துக்குப் போர்த்தினார். அதுவும் நனைந்தது.

உள்ளேயிருந்து கூத்தையன் எட்டிப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு அடுத்த பந்தியிலே இலை போடறேன்" என்றான். அடுத்த பந்தி நடக்கவேயில்லை, சோறு தீர்ந்துவிட்டது. பாயசத்தோடு கூடிய அந்த ஒரு சாப்பாட்டைக் கூத்தையன் இன்றுவரை போடவில்லை. அனவரதமும் விடுவதாக இல்லை.