எத்திராஜ் ஓட்டிய கடைசி மெயில்

எத்திராஜ் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள் அது. காலை ஆறு நாற்பதுக்கு மெயிலைச் சென்ட்ரல் ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்தினார். இருபத்துநாலு பெட்டி ஜனமும் இறங்கி, இன்ஜினைக் கடந்து, வாசலைப் பார்த்து நடந்தது.

மாலையோடு வந்த சக டிரைவர்கள் கூப்பிட்டும் அவர் கீழே இறங்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் மகள் ஹேமலதா நின்றிருந்தாள். ஒன்பது வருடமாக அப்பா வீட்டுப் பக்கமே வராதவள்.

கடைசியில் ஹயாத் பாஷா இன்ஜினில் ஏறினார். வயது எண்பது. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கரி இன்ஜின் காலத்தில் எத்திராஜுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்.

"வாங்க வாத்தியாரே."

பாஷா சுற்றிலும் பார்த்தார். "சீட்டெல்லாம் போட்டிருக்கான். நாம நின்னுக்கிட்டே வெந்தோம்."

"முகத்துல நெருப்பு, முதுகுல மழை."

"இங்கதான் தண்ணி பிடிக்க நிப்போம். ஒருநாள் கஸ்தூரி உனக்குச் சோறு கொண்டுவந்தா. நம்ம ரெண்டு பேர் மூஞ்சி பூரா கரி. புருஷன் யாருன்னு தெரியாம தூக்கை என் கையில கொடுத்துட்டுப் போயிட்டா."

எத்திராஜ் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"அவ போன அன்னைக்கும் இதே மெயில்தான். வழியில சேதி சொன்னாங்க, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குன்னு. வண்டியை நடுவழியில விட்டுட்டு எங்க போறது? ஓட்டிக்கிட்டு வந்தேன். இங்க ஒரு நிமிஷம் லேட் இல்ல. அவகிட்ட போய்ச் சேரத்தான் லேட்டாயிடுச்சு."

"மக என்ன சொன்னா?"

"சொல்ல விட்டாத்தானே? வாயைத் திறந்தாலே, 'டியூட்டிம்மா, ஆயிரம் உசுரும்மா'ன்னு அடக்கிடுவேன். அப்புறம் வர்றதையே நிறுத்திட்டா. இன்னைக்கு வந்து நிக்கறா. என்ன சொல்றது அவகிட்ட?"

பாஷா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"இன்ஜினை ஷெட்டுக்கு எடு, போகலாம்."

"எப்படிப் போறது? முன்னால தடுப்பு. பின்னால இருபத்துநாலு பெட்டி. யார்டு இன்ஜின் வந்து அதை அந்தப் பக்கமா இழுத்துட்டுப் போனாத்தானே நமக்கு வழி?"

"தள்ளிக்கிட்டுப் போயேன்."

"விளையாடறீங்களா வாத்தியாரே? சிக்னல் கிடைக்காது. காத்துக்கிட்டுத்தான் இருக்கணும்."

"அப்போ இருப்போம்."

இருந்தார்கள். கீழே ஆட்கள் வந்து, இன்ஜினைப் பெட்டிகளோடு இணைத்திருந்த கொக்கியைக் கழற்றினார்கள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டே டிரைவர்கள் டீ குடித்தார்கள். ஹேமலதா இடத்தை விட்டு நகரவில்லை. ஒருமுறை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். எத்திராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அரைமணி கழித்துத் தூரத்தில் ஒரு இன்ஜின் ஊதியது. பெட்டிகள் குலுங்கி, மெல்ல நகர ஆரம்பித்தன. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பெட்டியாக விலக விலக, தண்டவாளத்தின் மேல் வெயில் நீண்டுகொண்டே போனது.

எத்திராஜ் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, படியில் ஒரு காலை வைத்து, நின்றார்.

"நான் என்னதான் சொல்லட்டும் வாத்தியாரே?"

"நீ ஒண்ணும் சொல்லாதே. அவ சொல்லட்டும். நடுவுல மறிக்காதே. கடைசிப் பெட்டி வரைக்கும் போகட்டும்."